சிவப்பு என்று சொன்ன காலை

எங்கள் டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு ஓடியது. இப்போது வரும் வண்டிகளில் செல்போனைத் திறந்து பார்த்தாலே கதவு பூட்டியிருக்கிறதா, கண்ணாடி இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறதாம். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் ஏர்போர்ட்டில் நிற்கிற வண்டியைப் பூட்டலாமாம். எனக்குப் பிறகு என் சீட்டில் உட்கார்ந்த சந்துரு அதில் எழுதியிருந்தான்: "அண்ணே, உங்க காலத்துல சாவியிலயே லைட்டு எரிஞ்சு சொல்லுமாமே. அதப் பத்தி எழுதிப் போடுங்க." எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தச் சாவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த வருஷத்து ஆயுத பூஜையைத் தாண்டிப் போக முடியாது. இத்தனை நாள் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கெலமங்கலத்தில் தக்காளி ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுகிறவர் கை காலைப் பார்த்தே வண்டி பழகினேன். படிப்பு வாசித்து வந்ததில்லை, வாயைப் பார்த்து வந்தது. யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல் எனக்குள் தங்கிவிடும். எங்கள் லாரி ஓனர் சொல்வார்: "தக்காளி லோடுன்னா தூங்குற கொழந்தையத் தோள்ல போட்டுட்டுப் போற மாதிரிடா. குழியில எறங்கி அது அழுதுச்சுன்னா மார்க்கெட்டுல நீதான் பதில் சொல்லணும்." அவர் தயவில் லைசென்ஸ் எடுத்து, டெம்போ, வேன், டாக்ஸி என்று ஓட்டி, கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில் இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தேன். அங்கேதான் ரிடையர் ஆனேன்.

அந்தக் கம்பெனியில் எங்களுக்கு மேலே இருந்தவர் சுமித்ரா மேடம். அட்மின், டிரான்ஸ்போர்ட் இரண்டும் அவர் பொறுப்பு. வீட்டில் கன்னடம், எங்களிடம் சுத்தமான தமிழ். சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்லை. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். அதே வார்த்தை, அதே குரல். முதல் பதிலும் இரண்டாவது பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். டிரைவர் நின்றுகொண்டிருந்தால் அவரும் உட்கார மாட்டார். இதையும் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அவரைக் கெட்டவராக யாரும் எண்ணிவிடக் கூடாது.

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்களைக் கூட்டிவர ஒரு பெரிய காரை வாங்கினார்கள். அதன் சாவி உள்ளங்கைக்குள் அடங்கும் கூழாங்கல் மாதிரி கறுப்பாக இருக்கும். அதில் ஒரு பொத்தான், பக்கத்தில் எள்ளளவு ஒரு கண்ணாடி ஜன்னல். பொத்தானை அழுத்தினால் சாவி வண்டியிடம் கேட்கும். ஜன்னலுக்குள் வெளிச்சம் கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு ஒரு நிறத்தில் நிற்கும். பச்சை என்றால் பூட்டியிருக்கிறது. மஞ்சள் என்றால் பூட்டவில்லை. சிவப்பு என்றால் பூட்டிவிட்டுப் போன பிறகு யாரோ கை வைத்து, வண்டி அலாரம் அடித்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி எட்டாத தூரத்தில் இருந்தால், கடைசியாக என்ன தெரியுமோ அதைச் சொல்லும். எங்கள் ஷெட்டில் இது பெரிய அதிசயம். கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த அந்தோணி சொல்வான்: "இந்தச் சாவி என் பொண்டாட்டி மாதிரி. வீட்ட விட்டு எவ்வளவு தூரம் போனாலும் கதவச் சாத்துனியான்னு கேட்டா கரெக்டா சொல்லிடும்."

மேடம் இதற்கு ஒரு முறை வைத்தார். வண்டியை விட்டதும் டிரைவர் கேட்டுக்கு வந்து, செக்யூரிட்டிக்கு முன்னால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் மினுக்கி நிற்கும்வரை பேசக் கூடாது. நின்றதும் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செக்யூரிட்டி எட்டிப் பார்த்து அதே நிறத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு சாவி கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியின் சாவி டிரைவர் பாக்கெட்டில். மறுநாள் எடுக்கும்போதும் இப்படியே. முதலில் நாங்கள் சிரித்தோம். நான் "பச்சை" என்பேன், அந்தோணி சர்ச்சில் பதில் சொல்வது மாதிரி இழுத்து "பச்சை" என்பான். போகப் போக சிரிப்பு போய் அது பழக்கமாகிவிட்டது. ஏதோ ஒரு வண்டியில் ஏதோ ஒன்று காணவில்லை என்று நாலு பேர் நாலு கதை சொல்லும் தொல்லை அதோடு நின்றது.

அந்த வருஷம் பூஜைக்குக் கம்பெனி மூன்று நாள் மூடுகிறார்கள். மூடும் நாள் மதியம் என்னை ஒரு சாம்பிள் வாங்கிவர அனுப்பினார்கள். வெளியே முலாம் போடக் கொடுத்திருந்த ஒரு உருளை, மரப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டியது. லீவு முடிந்ததும் அதைப் பார்க்க வாடிக்கைக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்தால்தான் புது லைன் ஓடும், நாற்பது ஐம்பது பேருக்கு வேலை என்று ஷெட் முழுக்கப் பேச்சு. நான் வந்து சேர்வதற்குள் ஸ்டோரைப் பூட்டி வாசலில் மாவிலை கட்டிவிட்டார்கள். மேடத்துக்குப் போன் போட்டேன். டிக்கியிலேயே வைத்துப் பூட்டுங்கள் என்றார். வைத்தேன். பூட்டினேன். கேட்டில் பொத்தானை அழுத்தினேன். பச்சை என்றேன், அந்தோணியும் பச்சை என்றான்.

பிறகு பூஜை. எல்லா வண்டிச் சாவிகளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, ஒவ்வொரு சாவிக்கும் நான்தான் பொட்டு இட்டேன். பெரிய காரின் சாவிக்கு எங்கே இடுவது என்று ஒரு கணம் பார்த்தேன். அந்தக் குட்டி ஜன்னல் நெற்றி மாதிரித் தெரிந்தது. அங்கேயே வைத்தேன். அந்தோணி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பொரி கடலை வாங்கும்போது, "எங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்க, இன்னும் ஒரு கை போடு" என்றான். சாவிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

லீவு முடிந்த காலை சீக்கிரமே வந்துவிட்டேன். பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தேன். சந்தனம் காய்ந்து பொருக்காக இருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். உதிர்ந்து போயிற்று. அந்தோணி முன்னால் பொத்தானை அழுத்தினேன். மினுக்கி நின்றது. அத்தனை வருஷத்தில் அந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

"சிவப்பு" என்றேன்.

அந்தோணி எட்டிப் பார்த்தான். அவனும் மெதுவாகச் சொன்னான், "சிவப்பு."

இரண்டு பேரும் ஷெட்டுக்கு ஓடினோம். கைப்பிடியை இழுத்தால் கதவு திறந்துகொண்டது. டிக்கியும் திறந்துகொண்டது. உள்ளே மரப்பெட்டி இல்லை. ஒரு கீறல் இல்லை, உடைசல் இல்லை.

மேடம் வந்தார். யாரும் எதையும் தொடக் கூடாது, பூட்டக்கூடக் கூடாது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். அவரும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். சிவப்பு. லீவு நாட்களில் காவலுக்கு இருந்த செக்யூரிட்டி ஆள் சிங்காரப்பேட்டைப் பக்கம் ஊருக்குப் போயிருந்தான், போன் எடுக்கவில்லை. அந்த வண்டிக்குச் சாவி இரண்டுதான். ஒன்று டைரக்டர் கையில். அவர் முந்தின இரவு வெளிநாட்டுக்கு ஏறியிருந்தார், அவர் போனும் அணைந்திருந்தது. இன்னொன்று என் பாக்கெட்டில் இருந்த சாவியால் பூட்டிய பெட்டியில். அலாரம் அடித்திருந்தால் அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காவது கேட்டிருக்கும். யாருக்கும் கேட்கவில்லை. அப்படியென்றால் சாவியோடு வந்தவன்தான் அதை அடக்கியிருக்க வேண்டும் என்று எச்.ஆர். ஆபீசர் ஒருவர் விரல் மடக்கி மடக்கிச் சொன்னார். யாரென்று பெயர் சொல்லவில்லை. எல்லோரும் என் சட்டைப் பாக்கெட்டைத்தான் பார்த்தார்கள்.

மேடம் என்னைக் கேட்டார். "லீவுல இந்தப் பக்கம் வந்தீங்களா?"

இல்லை என்றேன்.

"லீவுல இந்தப் பக்கம் வந்தீங்களா?"

இல்லை மேடம் என்றேன். "மேடம்" என்ற ஒரு சொல் கூடிவிட்டதே, பதில் மாறிவிட்டதாக நினைப்பாரோ என்று அப்போது எனக்குப் பயம் வந்தது. எவ்வளவு அற்பமான பயம் பாருங்கள். அந்தோணியைக் கேட்டார். "அன்னிக்குப் பச்சைன்னு சொன்னாரு, நானும் பச்சையத்தான் பாத்தேன் மேடம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றான். உள்ளதைத்தான் சொன்னான். ஆனாலும் அவன் என் பக்கமாக ஒரு அடி நகர்ந்து நின்று சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

யாரும் சொல்லாமலே பாக்கெட்டில் இருந்ததை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தேன். சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து காட்டினேன். புளிச்சோற்றுக்குள் சாம்பிளை யார் ஒளிப்பார்கள்? யாரும் கேட்கவில்லை, நானாகத் திறந்தேன். அது போதாதென்று அடுத்த வார்த்தையும் என் வாயிலிருந்துதான் வந்தது.

"வேணும்னா வீட்டுக்கே வந்து பாத்துருங்க மேடம்."

எங்களைப் போன்ற ஆட்கள் இதை வெகு சுலபமாகச் சொல்லிவிடுவோம். பாரு, என்னிடம் ஒன்றுமில்லை என்று நெஞ்சைத் திறந்து காட்டுகிற மாதிரி. எதிரே இருக்கிறவர், சேச்சே அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் சொல்வது. ஆனால் மேடம் எதையும் சொன்ன சொல்லாகவே எடுத்துக்கொள்கிறவர். "சரி. அப்படிப் பாத்துட்டா உங்க பேருக்கும் நல்லது" என்றார். வீடு எனக்கு மட்டும் சொந்தமா, இன்னொருத்தி அங்கே இருக்கிறாளே என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்போது நாங்கள் மத்திகிரியில் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்து இருக்கும். என் மனைவி ரத்னாவுக்கு ரோஜாப் பண்ணையில் பசுமைக் குடிலுக்குள் பூ வெட்டும் வேலை. காலை ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்து, விரலில் ஏறிய முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வேன் நேராக முற்றத்தில் வந்து நின்றது. நான் முதலில் இறங்கினேன். பின்னால் மேடம், எச்.ஆர். ஆபீசர். ஆறு வீட்டு வாசலிலும் ஆள்.

விஷயத்தைச் சொன்னேன். ஆபீசர் குனிந்து, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான் அக்கா" என்றார். ரத்னா என்னைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க கூட்டிட்டு வந்தீங்களா, அவங்க வந்தாங்களா?"

நான்தான் என்றேன்.

ரத்னா ஊக்கை ஜாக்கெட்டில் குத்திக்கொண்டு எழுந்தாள். அரிசி டின்னைத் திறந்து மூடியைத் தரையில் வைத்தாள். ராகி மாவு டின், பருப்பு டப்பா, சர்க்கரை டப்பா. மிளகாய்த்தூளைக்கூட விடவில்லை. மேடம் வாசல்படியைத் தாண்டவில்லை. "போதும்மா" என்றவர், வேண்டாம் என்று கன்னடத்திலும் "பேடா" என்றார். ரத்னா நிறுத்தவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். அதற்கு அடியில் பழைய துணிக்குள், எங்களுக்குப் பிறந்து தங்காமல் போன பிள்ளையின் சட்டை ஒன்று இருந்தது. அதையும் பிரித்து வைத்தாள். ஆபீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், "பாத்தீங்களா மேடம், ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

அவர்கள் போகும்போது, டைரக்டரிடம் பேசும்வரை நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று ரத்னா சமைக்கவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். டப்பாக்கள் எல்லாம் திறந்தபடி கிடந்தன. அலுப்பில் கிடக்கிறாள், காலையில் எடுத்து வைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். காலையிலும் அப்படியே கிடந்தன. அவள் வேலைக்குப் போய்விட்டாள். சர்க்கரையில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க நான் வெளியே வரவில்லை. வந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள். இல்லையென்றால் கேட்காமல் போவார்கள், அது அதைவிட மோசம். நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டால்கூட வேறு ஸ்டீரிங் பிடித்துவிடலாம். திருடிய டிரைவர் என்று ஒரு பேர் கிளம்பிவிட்டால் அத்திப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எவனும் சாவி தர மாட்டான். அன்று முழுக்க அதையேதான் உருட்டிக்கொண்டிருந்தேன். ரத்னாவைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

சாயங்காலம் வேன் மறுபடி வந்தது. இந்தத் தடவை மேடம் மட்டும் இறங்கினார்.

டைரக்டர் அங்கே போய் இறங்கியதும் பேசிவிட்டாராம். லீவன்று பெங்களூரிலிருந்து ஏர்போர்ட் போகும் முன்பு கம்பெனிக்கு வந்திருக்கிறார். சாம்பிள் டிக்கியில் இருப்பது மேடம் சொல்லி அவருக்குத் தெரியும்; தன்னிடமிருந்த சாவியால் திறந்து, வாடிக்கைக்காரர்கள் ஊருக்கே கொண்டுபோய்த் தானே நேரில் காட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டார். அவசரத்தில் பூட்ட மறந்தார். யாரிடமும் சொல்லவும் மறந்தார். மேடம் அதோடு விடவில்லை. திறந்துவைத்த வண்டிக்கு மஞ்சள்தானே வர வேண்டும், சிவப்பு எப்படி வந்தது என்று சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஜன்னலின் ஓரப் பள்ளத்தில் குங்குமம் இறங்கி, கண்ணாடி முழுக்க மெல்லிசாகச் சாயம் ஏறியிருந்தது. மஞ்சள் வெளிச்சம் அதற்குள் புகுந்து சிவப்பாக வெளியே வந்திருக்கிறது. நான் இட்ட பொட்டு. என் கையால் நானே எனக்கு இட்டுக்கொண்டது.

இதை எல்லாம் வாசலில் நின்றபடியே சொன்னார். பிறகு அந்தச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். துடைத்துச் சுத்தமாக இருந்தது. அழுத்துங்கள் என்றார். வண்டி தொழிற்பேட்டையில் நிற்கிறது, கடைசியாகத் தெரிந்ததைச் சாவி சொல்லும். அழுத்தினேன். மினுக்கி நின்றது.

"மஞ்சள் மேடம்."

"மஞ்சள்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த விதத்தில் அதுதான் அது. எனக்கு அப்போதே புரிந்தது.

நான் சாவியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டேன். "ரொம்ப நன்றிங்க மேடம். என்னை நம்பினதுக்கு ரொம்ப நன்றி. உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எங்கே நம்பினார்? நான் என்ன தொந்தரவு கொடுத்தேன்? இன்றைக்கு இதை எழுதும்போது விரல் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. மனசார, குளிரக் குளிரச் சொன்னேன்.

ரத்னா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே சொன்னாள்.

"மேடம், நேத்து நீங்க வந்தப்பத் தொறந்ததுங்க இதெல்லாம். நீங்களே மூடிக் குடுத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமானைச் சரிபார்த்துக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். பிழைத்து வந்த வேலை திரும்பக் கையை விட்டுப் போகிறதே என்று பயந்தேன். "விடுங்க மேடம், அவளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல, ஏதோ பேசறா" என்றேன். காலையில் எழுந்து ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டு வந்தவளை ஒரே வாக்கியத்தில் நோயாளி ஆக்கினேன். ரத்னா என்னைப் பார்த்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னைத் திட்டியிருக்கிறாள், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறாள். அன்றைக்கு வெறுமனே பார்த்தாள்.

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க வெளிய நில்லுங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பட்டுக்கரை போட்ட காட்டன் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அரிசி டின்னுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மூடியை வைத்து அழுத்தினார். சர்க்கரை டப்பாவைத் தட்டி எறும்பை ஓட்டினார். எது எதற்கு மூடி என்று அவர் கேட்க, ரத்னா கை நீட்டிக் காட்டினாள். கொஞ்சம் கழித்து இரண்டு பேரும் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும், ஆனால் காதில் விழவில்லை. பிறகு ஒருநாளும் ரத்னாவிடம் கேட்கவும் இல்லை. அந்தச் சின்னச் சட்டையை மேடம் மடித்தார். ஒரு தடவை மடித்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடி மடித்தார். டிரங்குப் பெட்டியின் மூடியை இரண்டு பேருமாகச் சேர்த்துச் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகு ரத்னா அடுப்பைப் பற்றவைத்தாள். மேடத்துக்குப் பாய் விரித்து, காபி கொடுத்தாள். எனக்கும் ஒரு டம்ளரை வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து நீட்டினாள். ஆறு வீட்டு ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, வேலை கேட்டு வந்த ஆள் மாதிரி, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே அதைக் குடித்தேன்.